உயரமான கண்ணாடிப் பெட்டிக்கு எந்தப் பல்லி பொருந்தும்?

கேள்வி சுருக்கமாக இது: "45×45 செ.மீ. அடிப்பரப்பும் 60 செ.மீ. உயரமும் உள்ள, முன்பக்கம் கதவு திறக்கும் கண்ணாடி டெர்ரேரியம் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே செடிகள் வைத்து ஒரு பல்லி வளர்க்க ஆசை. இதற்கு முன் ஊர்வன எதையும் வளர்த்ததில்லை. பகலில் கண்ணில் பட வேண்டும், அவ்வப்போது கையில் எடுக்கவும் முடிய வேண்டும். மனதில் இருப்பது பச்சோந்தி. சரிப்படுமா? இல்லையென்றால் வேறு எது?"

பச்சோந்தி இந்தப் பெட்டிக்குச் சரிப்படாது. ஆசை அதன் மேல்தான் என்பதால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ப்பவர்களிடம் அதிகம் காணப்படும் வெய்ல்ட் கேமிலியன் என்ற பச்சோந்தி ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்தது. ஆண் வளர்ந்தால் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வரும். அதற்கு 60×60×120 செ.மீ. அளவாவது வேண்டும். குட்டியாக இருக்கும்போது உங்கள் பெட்டியே அதற்கு மாளிகை மாதிரி தெரியும்; ஒரு வருஷத்துக்குள் இடம் போதாமல் போய்விடும். அளவைவிட முக்கியமானது காற்று. பச்சோந்திக்கு ஈரமும் வேண்டும், அந்த ஈரம் காய்வதற்குக் காற்றோட்டமும் வேண்டும். மூடிய கண்ணாடிக்குள் ஈரக்காற்று தேங்கி நின்றால் நுரையீரல் தொற்று வரும். அதனால்தான் பெரும்பாலோர் அதை வலைக் கூண்டில் வைக்கிறார்கள். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலேயே முட்டை உருவாகும். ஆழமாகத் தோண்ட மண் இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இத்தனைக்கும் மேல், கையில் எடுப்பது அதற்குப் பிடிக்காது. முதல் தடவை வளர்ப்பவர் இதில் தொடங்கினால் கஷ்டப்படப் போவது அந்தப் பச்சோந்திதான்.

சரி, அப்புறம் எது? நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே பல்லியிடம் சேர்ந்து கிடைப்பது அரிது. இந்த அளவுப் பெட்டியில் வாழக்கூடிய மரமேறிப் பல்லிகளில் பகலில் நடமாடுபவை கைக்குச் சிக்காதவை. கையில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகுபவையோ பகல் முழுக்கத் தூங்கி ராத்திரியில் எழுபவை. எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று நீங்கள் முதலில் முடிவு செய்துவிட்டால், பல்லியைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பல்லி நமக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டி இருக்கப்போகும் அறையில் ஒரு வெப்பமானியை வைத்து, வருஷத்தின் சூடான நாட்களில் மதியம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பெட்டியைச் சூடாக்குவது எளிது, ஒரு விளக்கும் தெர்மோஸ்டாட்டும் போதும். குளிர்விப்பதுதான் கஷ்டம். அறையே 32 டிகிரியில் இருந்தால் உள்ளே இருக்கும் பல்லிக்கு ஒதுங்க இடமே கிடையாது. கீழே நான் சொல்லும் இரண்டு முக்கியமான பல்லிகளில் எது உங்களுக்கு என்பதை விருப்பத்தைவிட இந்த எண்தான் தீர்மானிக்கும்.

முதலாவது க்ரெஸ்டட் கெக்கோ. உங்கள் பெட்டியின் அளவு, வளர்ந்த ஒரு க்ரெஸ்டட் கெக்கோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவேதான். ஆகவே இடத்தைப் பற்றித் தயங்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு கெக்கோதான் வைக்கலாம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவுகள் இதன் ஊர். அழிந்துபோய்விட்டது என்றே ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். 1994இல் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வளர்ப்பிடங்களில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவைதான் இன்று உலகெங்கும் இருக்கின்றன. காட்டில் பிடித்த விலங்கை வாங்கிவிடுவோமோ என்ற பயம் இதில் அநேகமாக இல்லை. இதை முதலில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாலோடு சேர்த்து 20 செ.மீ. அளவு இருக்கும். கண்ணுக்கு மேலே இமைமுடி போல முட்கள் வரிசையாக இருக்கும், ஆனால் உண்மையான இமை கிடையாது. நாக்காலேயே கண்ணை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருஷம் வாழும். உணவு விஷயத்தில் இதைவிட எளிய பல்லி கிடையாது என்பேன். பழத்தூளும் புரதமும் சத்துகளும் சேர்த்துத் தயாரித்த முழு உணவுப் பொடி கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் குழைத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் போதும். வாரத்துக்கு ஒரு தடவை கால்சியம் பொடி தூவிய சில்வண்டு கொடுத்தால் இன்னும் நல்லது.

இதன் பலவீனம் வெப்பம். 22 முதல் 26 டிகிரி வரை இதற்குச் சுகம். 28ஐத் தாண்டினால் தவிக்க ஆரம்பிக்கும். அந்தச் சூடு மணிக்கணக்கில் நீடித்தால் இறந்தும் போகலாம். உங்கள் அறை இதற்குள் அடங்குமானால், ஆண்டு முழுவதும் அடங்குமானால், வேறு எதையும் தேடாமல் இதையே எடுங்கள். அடங்காதென்றால் ஒன்று, அந்த அறையைக் குளுமையாக வைத்திருக்க நிச்சயமான வழி வேண்டும், இல்லையென்றால் இந்தப் பல்லி வேண்டாம். ஐஸ் பாட்டிலை வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள். மின்சாரம் போன ஒரு மதியத்தில் நீங்கள் வெளியூரில் இருந்தால் அதை யார் வைப்பது?

வாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயந்தால் இது வாலைக் கழற்றிவிடும், நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு முளைப்பது போல இதற்கு மறுபடி முளைக்காது. உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. காட்டில் வளர்ந்தவற்றில் வாலில்லாதவையே அதிகம். கையில் எடுக்கும்போது பிடிக்காமல், உள்ளங்கையை முன்னால் நீட்டி அதுவாக ஏறவிடுங்கள். திடீரென்று தாவும் என்பதால் தரையில் உட்கார்ந்துகொண்டு எடுப்பது பாதுகாப்பு. ஐந்தாறு நிமிஷம் போதும்.

பகலில் இலை மறைவில் தூங்கிக்கொண்டிருக்கும். விளக்கு அணைந்து அரை மணி நேரத்தில் விழித்து, கிளைக்குக் கிளை தாவத் தொடங்கும். நீங்கள் பகலெல்லாம் வெளியே இருந்துவிட்டு இரவில் வீடு திரும்புபவர் என்றால், நீங்கள் இருக்கும் நேரம்தான் இதற்கும் விழிப்பு நேரம்.

இரண்டாவது, பகலில் கண்ணுக்கு விருந்து வைக்கும் கோல்ட் டஸ்ட் டே கெக்கோ. வடக்கு மடகாஸ்கரைச் சேர்ந்தது. 10 முதல் 13 செ.மீ. நீளம்தான். பளிச்சென்ற பச்சை உடம்பில் முதுகின் மேல்பக்கம் பொன்துகள் தூவினாற்போல் மஞ்சள் புள்ளிகள், பின்முதுகில் சிவப்புக் கோடுகள், கண்ணைச் சுற்றி நீலம். காலையில் விளக்கு எரிந்ததும் வெளியே வந்து, கிளையில் வெயில் காய்ந்து, பூச்சியைத் துரத்தி, சாயங்காலம் வரை ஓயாது. ஒரு ஜோடி மூங்கில் தண்டும் நாலு செடியும் வைத்த பெட்டியில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு நேரடியாகப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு விளக்கின் கீழ் 30 முதல் 32 டிகிரி வரை சூடான ஓர் இடமும், மற்ற இடங்களில் 25 முதல் 28 வரையும் வேண்டும். அறை கொஞ்சம் சூடாக இருந்தாலும் க்ரெஸ்டட் கெக்கோவைவிட இது தாங்கும். ஆனால் அறையே 32க்கு மேல் போகும் நாட்களில் சூட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். உணவு அதே பழப்பொடியும் சின்னச் சின்னப் பூச்சிகளும். கழுத்தின் இரு பக்கமும் வெள்ளையாக உப்பியிருப்பதைப் பார்த்துக் கட்டி என்று பயப்படாதீர்கள், அது கால்சியம் சேமித்து வைக்கும் பை. முட்டையிடும் பெண்களிடம் நன்றாகத் தெரியும்.

கையில் எடுப்பதை இதில் முழுக்க மறந்துவிடுங்கள். தோல் அவ்வளவு மெல்லியது. இறுக்கிப் பிடித்தால் உரிந்து கையோடு வந்துவிடும். எதிரியிடமிருந்து தப்ப இயற்கை கொடுத்த வழி அது. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது மின்னல் வேகத்தில் வெளியே ஓடிவிடும் என்பதால் கதவைத் திறக்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டே கெக்கோக்களிலேயே 25 முதல் 30 செ.மீ. வரை வளரும் ஜெயன்ட் டே கெக்கோவும் உண்டு. சற்றுத் துணிச்சலானது, விரலில் இருந்து தேன்பாகு நக்கும் அளவுக்குப் பழகும். ஆனால் உங்கள் பெட்டி அதற்குச் சிறியது. 60×45×90 செ.மீ. அளவுக்குப் போகத் தயாரானால் யோசிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மோர்னிங் (Mourning) கெக்கோ என்று ஒன்று இருக்கிறது. 8 முதல் 10 செ.மீ. வரைதான் வளரும், நிறம் மங்கல், ஆனால் சுவாரஸ்யமானது. இவை அநேகமாக எல்லாமே பெண்கள். ஆண் இல்லாமலேயே முட்டையிட்டுத் தாயின் நகலாகவே குஞ்சுகளைப் பெறுகின்றன. மற்றப் பல்லிகளை ஒன்றாகப் போட்டால் சண்டை வரும். இவை நாலைந்தாகச் சேர்ந்து வாழும், தங்களுக்குள் உச்சுக்கொட்டிப் பேசிக்கொள்ளும். உங்கள் பெட்டி இந்தக் கூட்டத்துக்கு நல்ல தாராளமான இடம். சிக்கல் என்னவென்றால் பெருகிக்கொண்டே போகும். முட்டையைக் கண்ணாடியிலும் இலைத்தண்டிலும் ஒட்டி வைக்கும், குஞ்சு மயிரிழை இடுக்கிலும் வெளியேறிவிடும். வயர் நுழையும் துளைகளையெல்லாம் நுரைப்பஞ்சால் அடைக்கப் பொறுமை இருந்தால், கையில் எடுக்கும் ஆசை இல்லையென்றால், முதல் பல்லியாக இதையும் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

கிரீன் அனோல் விலை குறைவு, பகலில் திரியும், பச்சையிலிருந்து பழுப்புக்கு நிறம் மாறும், ஆண் கழுத்தின் கீழ் சிவப்பு விசிறியை விரித்துக் காட்டும். பச்சோந்தி ஆசைக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும். ஆனாலும் இதைச் சொல்லத் தயங்குகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிகளில் காட்டிலிருந்து பிடித்து விற்கப்பட்டவையே சந்தையில் அதிகம். நீர் வற்றி, புழுத் தொல்லையோடு, பயந்து போய் வந்து சேர்பவை பல. வளர்ப்பிடத்தில் பிறந்தது கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

மற்றவற்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். லெபர்ட் கெக்கோவும் பியர்டட் டிராகனும் தரையில் வாழ்பவை, உயரம் அவற்றுக்குப் பயன்படாது. லெபர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டும் தட்டுகூடக் கிடையாது. பச்சை இகுவானா ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும், சீன வாட்டர் டிராகன் 90 செ.மீ. வரை வரும். இரண்டுக்கும் ஓர் அறையின் மூலையையே ஒதுக்க வேண்டும். டோக்கே கெக்கோ அழகுதான், ஆனால் கடித்தால் விடாது, ராத்திரியில் வீடே அதிரக் கத்தும். எலெக்ட்ரிக் ப்ளூ கெக்கோவின் நீல நிறத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. தான்சானியாவில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே வாழும் அது, செல்லப்பிராணி வியாபாரத்துக்காகவே கொத்துக்கொத்தாகப் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்புக்கு வந்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் 2016 மாநாட்டில் அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். டே கெக்கோக்களும் பெரும்பாலான பச்சோந்திகளும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எதை வாங்கினாலும் உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா, எங்கே பிறந்தது என்பதற்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தோட்டத்தில் திரியும் ஓணானைப் பிடித்துப் பெட்டியில் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவு செய்து வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அந்த ஓணான் உணவை மறுத்துக் கண்ணாடியில் முட்டி முட்டியே மெலிந்துபோகும்.

இனி பெட்டிக்கு உள்ளே வருவோம். உயரமான பெட்டியில் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வடிகாலுக்கான களிமண் உருண்டைகளும் மண்ணும் சேர்ந்து 12 செ.மீ. போல எடுத்துக்கொள்ளும். மீதி 48 செ.மீ. உயரம் வெறும் காற்றாக இருந்தால் பல்லிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, கண்ணாடியில்தான் ஒட்டிக்கொண்டு தொங்கும். க்ரெஸ்டட் கெக்கோ இப்படி நாளெல்லாம் தலைகீழாகத் தொங்கித் தூங்கினால் வால் முதுகுப்பக்கம் மடிந்து விழுந்து, நாளடைவில் இடுப்பெலும்பும் கோணிப்போகக்கூடும் என்று வளர்ப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே அந்த உயரத்தைக் கிளைகளால் நிரப்ப வேண்டும். கார்க் பட்டையை நிமிர்த்தி வைத்துப் பின்சுவரை மூடுங்கள். பல்லியின் உடம்பு அகலத்துக்குக் குறையாத கிளைகளைச் சாய்வாகவும் படுக்கையாகவும் வெவ்வேறு மட்டத்தில் பொருத்துங்கள். உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் படுக்கையாக ஒரு கிளை கட்டாயம் வேண்டும், பல்லி பெரும்பொழுது இருக்கப்போவது அங்கேதான். கனமான எதையும் மண்ணின் மேல் நிறுத்தாமல் அடித்தளக் கண்ணாடியில் ஊன்றி வையுங்கள். மண் சரிந்தால் கிளையும் சரியும்.

ஒளிந்துகொள்ளும் இடம் மேலே மட்டும் இருந்தால் போதாது. சூடு மேலே ஏறும், அடியில் குளுமை. மேலே மட்டும் இலை அடர்ந்திருந்தால், சூடு அதிகமான நாளில் கீழே இறங்கினால் வெட்டவெளியில் நிற்க வேண்டுமே என்று பல்லி பயந்து மேலேயே வெந்துகொண்டிருக்கும். கீழ்மட்டத்திலும் ஒரு பட்டைக் குழாயும் கொஞ்சம் இலையும் வேண்டும். வெப்பமானியும் மேலே ஒன்று, கீழே ஒன்று. செடிகளில் மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, ஃபைகஸ் கொடி மூன்றும் தாங்கும். மண்ணில் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்ற சின்னஞ்சிறு மண்ணுயிர்களை விட்டால் எச்சத்தையும் பூஞ்சையையும் அவை தின்று தீர்க்கும்.

டே கெக்கோவுக்கு யுவிபி விளக்கு, அதாவது உடம்பில் டி3 வைட்டமின் உருவாக உதவும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு, தவிர்க்க முடியாதது. க்ரெஸ்டட் கெக்கோவுக்கு மெலிதான யுவிபி நல்லது, அது இல்லையென்றால் உணவிலுள்ள டி3 வைட்டமினை முழுதாக நம்ப வேண்டிவரும். ஜன்னல் வெளிச்சம் இதற்கு ஈடாகாது. சாதாரணக் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். நேர் வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி கொஞ்ச நேரத்தில் கொலைக்களமாகும், அந்த ஜன்னல் பக்கமே போக வேண்டாம். டி5 (T5) எனப்படும் மெல்லிய யுவிபி குழல் விளக்கு நல்ல தேர்வு. மேல்வலை அதன் கதிரில் ஒரு பங்கை வடிகட்டிவிடும். தூரம் கூடக்கூட இன்னும் குறையும். உச்சிக் கிளைக்கும் விளக்குக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி வைத்து, வெளிச்சம் படும் கிளையும் இலை நிழலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கச் செய்தால், தனக்கு வேண்டிய அளவைப் பல்லியே எடுத்துக்கொள்ளும். விளக்கு எரிவது போலத் தெரிந்தாலும் யுவிபி தேய்ந்துகொண்டே வரும், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். சூட்டு விளக்கைப் பெட்டிக்கு வெளியே வலையின் மேல் வையுங்கள். உள்ளே இருந்தால் அதன் மேலேயே ஏறிப் படுத்துச் சுட்டுக்கொள்ளும்.

தண்ணீரைச் சாயங்காலம் நன்றாகத் தெளித்து, அடுத்த நாள் மதியத்துக்குள் காயவிட வேண்டும். க்ரெஸ்டட் கெக்கோவுக்குப் பகலில் ஈரப்பதம் 50 சதவீதம் போல, தெளித்ததும் 80 வரை ஏறி இறங்கினால் சரி. ஈரம் குறைந்தால் தோல் உரியும்போது விரல் நுனியில் மாட்டிக்கொண்டு ரத்தம் தடைபட்டு விரலே போகும். எப்போதும் நசநசவென்று இருந்தால் பூஞ்சையும் மூச்சுத் தொல்லையும் வரும்.

உணவுக் கிண்ணத்தைத் தரையில் வைக்காதீர்கள். காந்தத்தில் ஒட்டும் சின்னத் தட்டு கிடைக்கும், அதைப் பாதி உயரத்துக்கு மேலே பொருத்துங்கள். உயரப் பெட்டிக்குள் சில்வண்டைக் கொட்டிவிட்டால் அவை நேராக அடியில் போய் மண்ணில் ஒளிந்துகொள்ளும், பல்லி மேலே பசியோடு இருக்கும். ராத்திரியில் அதே சில்வண்டு தூங்குகிற டே கெக்கோவைக் கடிக்கவும் செய்யும். இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கொடுங்கள், அல்லது வழுக்கும் சுவருள்ள கிண்ணத்தில் போட்டு மேல்மட்டத்தில் வையுங்கள். பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது.

வாங்கப் போகும் முன்னால் பெட்டியைத் தயார் செய்து, செடி வேர் பிடிக்கவும் வெப்பம் நிலைப்படவும் இரண்டு மூன்று வாரம் ஓடவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று அப்போதே விசாரித்து வையுங்கள். விற்பவரிடம் பல்லி சாப்பிடுவதைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, வாலடி சதைப்பற்றாக, தாடை உறுதியாக இருக்க வேண்டும். தாடை வளைந்தோ முதுகு நெளிந்தோ இருந்தால் கால்சியக் குறைவு. இரக்கப்பட்டு வாங்கிவிடாதீர்கள், முதல் பல்லியாக அதைத் தேற்றுவது மிகவும் கடினம். விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு முதல் இரண்டு வாரம் உணவு, தண்ணீர் தவிரப் பெட்டிக்குள் கை விட வேண்டாம். முதல் சில நாட்கள் சாப்பிடாமல் ஒளிந்திருந்தால் பதறாதீர்கள். எச்சம் விழுகிறதா என்று பாருங்கள், அந்த இரண்டு வாரம் கழிந்ததும் சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை குறித்து வையுங்கள். டே கெக்கோவானால் அதை ஒரு டப்பாவுக்குள் விட்டு டப்பாவோடு எடை போடுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். பல்லிகளின் உடம்பில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால் தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தையைப் பல்லியையோ பெட்டியையோ தொட விடாதீர்கள்.

உங்கள் அறையின் வெப்ப அளவையும், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தையும் குறித்து அனுப்பினால், க்ரெஸ்டட் கெக்கோவா டே கெக்கோவா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன்.